நிறுத்தினால் உறுமும், ஏற்றத்தில் தளரும்: ஊவாவின் பழைய கெப் வண்டிகளுக்கு நேர்வதென்ன?

ஊவா மாகாணத்தின் தோட்டப் பாதைகளில் பழைய கெப் வண்டி என்பது வெறும் வாகனமன்று. மடுல்சீமை, நமுனுகுலை, லுணுகலை, ஹல்துமுல்லை ஆகிய பகுதிகளில் பகலில் உரமூட்டையும் கொழுந்துச் சாக்கும் ஏற்றிச் செல்லும் அதே வண்டியே, நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் தாயொருத்தியைப் பதுளை வைத்தியசாலை நோக்கிக் கொண்டு செல்கிறது. வெலிமடை, ஊவா பரணகமை, குருத்தலாவை விவசாயிகளின் உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தைச் சென்றடைவது பெரும்பாலும் இத்தகைய வண்டிகளிலேயே ஆகும். பதுளை, பண்டாரவளை நகரங்களின் முஸ்லிம், தமிழ் வர்த்தகர்கள் அரிசியும் மாவும் சீனியும் தோட்டக் கடைகளுக்குச் சேர்ப்பிப்பதும் இவற்றை நம்பியே. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை நாடெங்கும் விரிந்துள்ள போதிலும், பிரதான வீதியிலிருந்து பல கிலோமீற்றர் உள்ளே அமைந்த லயன் குடியிருப்புகளுக்கு அருகிலுள்ள கெப் வண்டியே முதல் துணை என்ற நிலைமை முற்றாக மாறிவிடவில்லை.

இவ்வண்டிகள் ஏன் இவ்வளவு பழையவை என்பதற்கும் காரணமுண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை இறக்குமதி செய்வதற்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. அதுவும் கடும் வரிகளோடு. இடைப்பட்ட ஐந்தாண்டு காலத்தில் பழைய வண்டிகளின் விலை உயர்ந்ததேயன்றிக் குறையவில்லை. இருபது, முப்பது வருடங்கள் ஓடிய டொயோட்டா, நிசான், மிட்சுபிஷி, இசுசு வண்டிகளை விற்றுவிட்டுப் புதியதொன்றை வாங்குவது சாதாரண குடும்பமொன்றுக்கு எட்டாக்கனி. எனவே உள்ள வண்டியைச் சரிவரப் பேணுவது ஒன்றே வழி.

இத்தகைய வண்டிகளைப் பற்றி உரிமையாளர்கள் கூறும் முறைப்பாடுகளுள் ஒன்று திரும்பத் திரும்ப எமது செவிக்கு எட்டுகிறது. “நிறுத்தினால் எஞ்சின் ரேஸாகிறது, ஏற்றத்தில் இழுவையில்லை” என்பதே அது. வண்டி நிற்கும்போது தேவையின்றி உறுமுகிறது. பாரத்தோடு மலையேறும் போது, அதாவது உண்மையில் வலு தேவைப்படும் வேளையில், தளர்ந்து விடுகிறது. ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரு அறிகுறிகளும் ஏன் சேர்ந்து வருகின்றன, அவற்றின் மூலத்தை எவ்வாறு கண்டறிவது, கண்டறியாது விட்டால் நேரக்கூடிய ஆபத்து யாது என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊகத்தின் விலை

நாம் அறிந்த ஒரு மரக்கறி வியாபாரியின் அனுபவத்தை முதலில் குறிப்பிடுவது பொருத்தமாகும். அவருடைய பெற்றோல் கெப் வண்டிக்கு மேற்கூறிய இரு நோய்களும் கண்டன. முதலாவது கராஜில் பிளக்குகளையும் அவற்றின் வயர்களையும் மாற்றினார்கள். குணமில்லை. இரண்டாவது கராஜில் பெற்றோல் பம்ப் மாற்றப்பட்டது. அதிலும் பயனில்லை. மூன்றாவது இடத்தில் எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டுமெனக் கூறப்பட்டது. அதற்கான பணத்துக்கு நகையை அடகு வைக்க ஆயத்தமான வேளையில், அனுபவம் மிக்க முதிய மெக்கானிக் ஒருவர் பொனற்றைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, இறப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறட்டினால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். ஒரு குழாயை அழுத்தியதும் உறுமல் அடங்கியது. பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாயின் அடிப்பக்கத்தில் விரல்நக அளவிலான வெடிப்பு. கடைக்குப் போகும் செலவோடு ஒப்பிடக்கூடிய பெறுமதியே அக்குழாய்க்கு இருந்தது. இழுவைக் குறைவுக்கோ வேறொரு காரணம் இருந்தது. அதனைப் பின்னர் காண்போம்.

இங்கு முன்னைய மெக்கானிக்குகளை ஏமாற்றுக்காரர்கள் எனக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. சோதனை செய்யாமல் உதிரிப்பாகத்தை மாற்றுவது என்ற பழக்கமே குற்றவாளி. நோயாளியின் நாடி பாராது மருந்தெழுதும் வைத்தியத்தை நாம் ஏற்பதில்லை. வாகன விடயத்தில் மாத்திரம் அதனை ஏன் ஏற்க வேண்டும்?

எஞ்சின் ஏன் உறுமுகிறது?

பெற்றோல் எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிப்பது அதனுள் செல்லும் காற்றின் அளவாகும். அக்சிலரேட்டரை மிதிக்கும்போது நாம் திறப்பது காற்று செல்லும் வாயிலையே. மிதியிலிருந்து காலை எடுத்ததும் அவ்வாயில் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. எஞ்சின் அணைந்துவிடாதிருக்கத் தேவையான சிறிதளவு காற்று மட்டும் தனிவழியாக உட்செல்கிறது. சூடேறிய நிலையில் பெரும்பாலான பழைய கெப் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 700 முதல் 850 வரையிலான சுழற்சிகளில் அமைதியாக நிற்க வேண்டும். கராஜ்களில் ஐட்லிங் எனப்படுவது இதுவே. பண்டாரவளையின் குளிர்ந்த காலை வேளையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது 1,200 அல்லது 1,500 வரை ஏறி நின்று, சில நிமிடங்களில் படிப்படியாக இறங்குவது இயல்பானதே. நன்கு சூடேறிய பின்னரும் இறங்க மறுத்தால் மட்டுமே அதனை நோயெனக் கொள்ள வேண்டும்.

வாயில் மூடியிருக்கும்போது எஞ்சினின் உறிஞ்சு குழாயினுள் வெற்றிடம் நிலவுகிறது. அவ்வெற்றிடத்தைப் பயன்படுத்திப் பிரேக் பூஸ்டர் முதலிய பல உறுப்புகள் இயங்குகின்றன. ஆகவே அங்கிருந்து பல இறப்பர்க் குழாய்கள் கிளைத்துச் செல்கின்றன. இருபது வருட வெப்பத்தில் இறப்பர் காய்ந்து வெடிப்பது இயற்கை. வெடித்த இடத்தினூடாகக் கணக்கில் வராத காற்று உள்ளே புகுகிறது. உறிஞ்சு குழாயின் அழுத்தத்தை அளந்து எரிபொருளைத் தீர்மானிக்கும் எஞ்சின்களில், கணினி அக்காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோலை வழங்கிவிடுவதால் வேகம் ஏறுகிறது. உட்செல்லும் காற்றை வாயிற்புறத்திலேயே அளக்கும் எஞ்சின்களில், திருட்டுத்தனமாகப் புகுந்த காற்றுக்கு எரிபொருள் கிடைப்பதில்லை. அதனால் வேகம் ஏறி இறங்கி ஊசலாடலாம், நடுக்கம் ஏற்படலாம், இழுவையும் குறையலாம்.

காற்றுக் கசிவைத் தவிர வேறு காரணங்களும் உள. அக்சிலரேட்டர் கேபிள் துருப்பிடித்து இறுகியிருத்தல், வாயிலின் தகட்டில் கரிபடிந்து முழுமையாக மூடாதிருத்தல், காபரேட்டர் வண்டிகளில் சோக் திறவாது நின்றுவிடுதல், ஐட்லிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு அழுக்கினால் சிக்கிக்கொள்ளுதல், வாயிலின் நிலையை அறிவிக்கும் சென்சர் இடம் பெயர்ந்திருத்தல் என்பன அவற்றுள் முக்கியமானவை.

மலைநாட்டுக்கே உரிய காரணம் ஒன்றைத் தனியே சுட்டிக்காட்ட விரும்புகிறோம். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கிறது என்பதற்காக எஞ்சினின் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடும் வழக்கம் எமது கராஜ்கள் பலவற்றில் உண்டு. தேர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடேறும் வரை நீரைத் தடுத்து வைக்கும் சிறு கதவு. அதனை அகற்றினால், ஹப்புத்தளை போன்ற குளிர்ந்த இடங்களில், குறிப்பாக இறக்கத்தில், எஞ்சின் உரிய வெப்பத்தை அடைவதேயில்லை. கணினியோ “எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது” எனக் கருதி அதிக எரிபொருளையும் அதிக ஐட்லிங்கையும் வழங்கிக்கொண்டேயிருக்கும். எரிபொருள் வீணாகும், கரும்புகை வரும், இழுவை மந்தமாகும். நீரின் வெப்பத்தை அறிவிக்கும் சென்சர் பழுதடைந்தாலும் விளைவு இதுவே. ரேடியேட்டரில் நீர் குறைந்து, சூடான நீர் ஐட்லிங் வால்வைச் சென்றடையாத போதும் இவ்வாறே நிகழும். ஆகையால் உறுமும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று, எஞ்சின் நன்கு ஆறியபின் திறந்து பார்க்கும் ரேடியேட்டர் நீர். நீர் அடிக்கடி குறைகிறதெனில் அது ஹெட் கேஸ்கட் சேதத்தின் முன்னறிவித்தலாகவும் இருக்கக்கூடும்.

டீசலின் வழி வேறு

பெற்றோல் வண்டிக்குக் கூறியதை அப்படியே டீசல் வண்டிக்குப் பொருத்துவது பெருந்தவறு. பழைய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் காற்றுக்கு வாயில் கிடையாது. செலுத்தப்படும் டீசலின் அளவே வேகத்தைத் தீர்மானிக்கிறது. எனவே டீசல் வண்டி உறுமினால் அக்சிலரேட்டர் கேபிள், டாஷ் போர்டில் உள்ள கைத்திருகி, ஏ.சி.க்காக வேகத்தை உயர்த்தும் பொறி, டீசல் பம்பின் நெம்புகோல் ஆகியவற்றையே முதலில் ஆராய வேண்டும். காற்றின் அழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் பம்ப் கொண்ட சில பழைய எஞ்சின்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவற்றில் உள்ள மெல்லிய சவ்வு கிழிந்தால் வேகம் கட்டுக்கடங்காது ஏறலாம்.

டேர்போ பொருத்தப்பட்ட டீசல் எஞ்சினில் எண்ணெய் கசிந்து உறிஞ்சு குழாயினுள் சென்றால், எஞ்சின் தன் எண்ணெயையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காது, மேலும் மேலும் வேகமெடுக்கும். நீலப்புகையோடு இவ்வாறு நேர்ந்தால் வெறும் கையை எஞ்சினின் காற்றுக் குழாயருகே கொண்டு செல்லாது, வண்டி நின்றிருப்பின் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரிலிட்டுக் கிளச்சை விட்டு எஞ்சினை அடக்க முயல்வதும், இயலாவிடின் விலகி நிற்பதுமே உசிதமானது.

இழுவை எங்கே போனது?

இழுவைக் குறைவைப் பற்றிப் பேசுமுன் மலை தானே எடுத்துக்கொள்ளும் பங்கை ஒதுக்கிவிட வேண்டும். உயரம் கூடக்கூடக் காற்று அடர்த்தி குறைகிறது. டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் தன் வலுவில் ஏறத்தாழ 3 சதவீதத்தை இழக்கிறது. பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை சுமார் 1,230 மீற்றர். ஹப்புத்தளை சுமார் 1,430 மீற்றர். அதாவது கொழும்பில் முழுவலுவோடு ஓடும் அதே வண்டி, பதுளையில் 7 சதவீதமளவிலும் ஹப்புத்தளையில் 14 சதவீதமளவிலும் வலுக்குன்றியே இயங்கும். இது நோயன்று, இயற்கை. சமவெளியில் வாங்கிய வண்டி மலைக்கு வந்ததும் “பழுதாகிவிட்டது” என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். தனது வண்டியின் நேற்றைய நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடுவதே சரியான அளவுகோல்.

கராஜ்களில் வெற்றிடத்தை அளக்கும் கருவிக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமான பெற்றோல் எஞ்சின் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குல இரச அளவைக் காட்டும் என நூல்கள் கூறுகின்றன. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஓர் அங்குலம் குறைவது இயல்பு என்பதால், பண்டாரவளையில் 13 முதல் 17 வரை காட்டினாலும் அது நல்ல எஞ்சினே. இவ்வுண்மையை அறியாது நூலிலுள்ள எண்ணை மட்டும் நம்பிக் குறையற்ற எஞ்சினைப் பிரித்துப் போட்டால் நட்டமடைபவர் உரிமையாளரே.

இயற்கையின் பங்கை நீக்கிய பின்னரும் இழுவை குறைந்திருந்தால், செலவற்ற சோதனைகளிலிருந்து தொடங்க வேண்டும். சமதரையில் சிறிது தூரம் ஓடிய பின் நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் அருகே கையை நீட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின் குற்றமற்றது. ஏற்றத்தில் எஞ்சினின் சத்தம் கூடுகிறது, வண்டியின் வேகம் கூடவில்லை என்றால் அது கிளச் வழுக்குவதன் அறிகுறி. இதனையும் எஞ்சினின் தளர்ச்சி எனத் தவறாகக் கருதுவோர் பலர்.

அடுத்தது காற்று வடிகட்டி. ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று தேயிலைக்குத் தனித்துவமான மணத்தைத் தருகிறது. அதே காற்று தோட்டப் பாதைகளின் செம்மண் புழுதியைக் கிளப்பி எயார் கிளீனரை அடைத்தும் விடுகிறது. தார் வீதியில் மட்டும் ஓடும் வண்டிக்கான கால இடைவெளி தோட்ட வண்டிக்குப் பொருந்தாது. வறண்ட மாதங்களில் வாரமொரு முறையேனும் திறந்து பார்ப்பது நலம்.

மூன்றாவது எரிபொருள். ஐட்லிங்கில் நன்றாக நின்று, நீண்ட ஏற்றத்தில் பாதிவழியில் மூச்சுத் திணறும் வண்டியில் முதற் சந்தேகம் எரிபொருள் வடிகட்டியின் மீதே எழ வேண்டும். நிற்கும்போது தேவைப்படும் சிறிதளவு எரிபொருள் அடைபட்ட வடிகட்டியினூடாகவும் வந்துவிடும். ஏற்றத்தில் தேவைப்படும் பேரளவு வருவதில்லை. முற்கூறிய வியாபாரியின் வண்டியில் இழுவை குறைந்ததன் காரணம் இதுவே. பல வருடங்களாக மாற்றப்படாத அவ்வடிகட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது துருவும் சேறும் கொட்டின. புதிய பம்ப் பொருத்தியவர்கள் பழைய வடிகட்டியை அப்படியே விட்டிருந்தனர்.

டீசல் வண்டியில் வடிகட்டியின் அடியிலுள்ள திருகியைத் தளர்த்தி, தேங்கிய நீரை வடிப்பது கட்டாயம். மலையின் பனியும் ஈரமும், பாதி நிரம்பிய தாங்கியினுள் இரவில் நீராய்ப் படியும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது கலன்களிலும் பீப்பாய்களிலும் எரிபொருளைச் சேமிக்கப் பழகிய பலர் இன்றும் அப்பழக்கத்தைக் கைவிடவில்லை. அக்கலன்களின் அடியில் தங்கும் நீரும் அழுக்கும் வண்டிக்கே செல்கின்றன. மண்ணெண்ணெய் கலந்த டீசலோ இன்னும் கொடியது. டீசலே டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு உராய்வு நீக்கியாகவும் அமைவதால், வழவழப்புக் குறைந்த மண்ணெண்ணெய் அவ்வுறுப்புகளைத் தேய்த்துவிடுகிறது. இன்று மீதப்படுத்திய சில நூறு ரூபாய்க்காக நாளை பம்பையே மாற்ற நேரிடும்.

இவற்றின் பின்னரே தீப்பொறியின் நேரம், பிளக், சைலன்சரின் அடைப்பு, வால்வு, அமுக்கம் ஆகியவற்றுக்குச் செல்ல வேண்டும். புகையின் நிறமும் உதவும். கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னரும் ஓயாத வெண்புகை எரியாத டீசலையோ எஞ்சினுள் புகும் நீரையோ காட்டும்.

ஒரு நோயா, இரண்டா?

இனி மூலவினாவுக்கு வருவோம். இரு அறிகுறிகளும் ஒரே நோயின் வெளிப்பாடா? சில வேளைகளில் ஆம். தேர்மோஸ்டாட் அகற்றப்பட்டமை, வெப்ப சென்சரின் பழுது, வாயில் சென்சரின் இடப்பெயர்வு ஆகியன இரண்டையும் ஒருங்கே தோற்றுவிக்கும். பழைய காபரேட்டர் வண்டிகளில் தீப்பொறியின் நேரத்தை முன்கொணரும் சவ்வு கிழிந்தால், காற்றும் கசியும், இழுவையும் குறையும். காற்றை அளக்கும் பெட்டிக்கும் வாயிலுக்கும் இடைப்பட்ட மடிப்புக் குழாயில் வெடிப்பிருந்தால், ஏற்றத்தில் எஞ்சின் தன் தாங்கிகளில் சாயும்போது அவ்வெடிப்பு அகன்று திறக்கும். நிறுத்தி வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கின் கண்ணுக்கு அது அகப்படாது. குழாயைக் கையால் வளைத்துப் பார்த்தாலே தெரியும்.

ஆயினும் சிறிய காற்றுக் கசிவு ஒன்றின் தாக்கம் ஐட்லிங்கிலேயே அதிகம். அக்சிலரேட்டரை முழுமையாக மிதிக்கும்போது பெருமளவு காற்று செல்வதால் அக்கசிவு பொருட்படுத்தத்தக்கதன்று. ஆகவே கசிவை அடைத்த பின்னும் ஏற்றத்தில் தளர்ச்சி நீடித்தால், இரண்டாவது நோய் ஒன்று உண்டெனத் துணிந்து தேட வேண்டும். அவ்வியாபாரியின் வண்டியில் இருந்தது போல.

மனிதர் உண்டாக்கும் மூன்றாவது நிலையும் உண்டு. வலுக்குன்றிய எஞ்சின் நிறுத்தத்தில் அடிக்கடி அணைந்துபோகும். அதனை ஆராயாது ஐட்லிங் திருகியை ஒரு சுற்றுத் திருப்பி வேகத்தை உயர்த்திவிட்டால் அணைவது நின்றுவிடும். நோய் மறைந்தே வளரும். ஆதலால் முதற் கேள்வியே “இத்திருகியை யாரேனும் அண்மையில் தொட்டார்களா?” என்பதாக இருத்தல் வேண்டும். அடுத்த கேள்விகள்: உறுமல் குளிர்ந்த நிலையிலா, சூடேறிய பின்னுமா? தளர்ச்சி ஏற்றத்தில் மட்டுமா, சமதரையிலுமா? இவை தொடங்கியது ஏதேனும் திருத்த வேலையின் பின்னரா? இந்நான்குக்கும் சாரதி தரும் விடை, கருவிகள் தரும் விடையின் பாதிக்குச் சமம்.

கருவி பற்றியும் ஒரு வார்த்தை. இன்று எந்த வாகனத்தையும் கணினியில் இணைத்துப் பார்க்கலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தே பொதுவான சோதனைமுறை கட்டாயமாக்கப்பட்டது. எமது வீதிகளில் ஓடும் பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அவ்வசதி கிடையாது. ஆனால் அவற்றுக்கும் தமக்கெனப் பேச்சுமொழி உண்டு. 1990களின் பல டொயோட்டா பெற்றோல் வண்டிகளில் பொனற்றின் கீழுள்ள சோதனைப் பெட்டியின் உரிய இரு முனைகளை இணைத்தால், எஞ்சின் விளக்கு மின்னி மின்னிக் குறியீட்டு எண்ணைக் கூறும். 22 என்பது நீர் வெப்ப சென்சரையும் 41 என்பது வாயில் சென்சரையும் குறிக்கும். ஒரு துண்டுக் கம்பியும் பொறுமையுமே இதற்கான முதலீடு. பிழையான முனைகளை இணைத்தால் கணினி சேதமடையக்கூடுமென்பதால், அதனை அறிந்தவரே செய்தல் வேண்டும்.

உயிரோடு தொடர்புடைய விடயம்

இவ்வளவு விரிவாக இதனை நாம் எடுத்துரைப்பது எரிபொருட் செலவை மட்டும் கருதியன்று. பெற்றோல் வண்டியில் பிரேக் பூஸ்டரை இயக்குவது எஞ்சினின் வெற்றிடமே. அக்குழாயிலோ பூஸ்டரின் சவ்விலோ ஏற்படும் கசிவு முதலில் உறுமலாக வெளிப்படும். பின்னர் பிரேக் மிதி கல்லாய் இறுகும். இறக்கத்தில் கீழ் கியரிலிட்டு எஞ்சினைக் கொண்டே வண்டியைத் தடுக்கும் ஆற்றலும், வாயில் மூடாத எஞ்சினில் குறைந்துவிடுகிறது. அவ்வேளையில் முழுச்சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறி, பிடிமானம் இழக்கிறது. டீசல் வண்டிகள் பலவற்றில் வெற்றிடத்தை உண்டாக்குவது தனியான சிறு பம்ப். பல டொயோட்டா எஞ்சின்களில் அது அல்டர்னேட்டரின் பின்புறத்தில் உள்ளது. பட்டி அறுந்தால் பற்றரி விளக்கு மட்டுமன்றிப் பிரேக்கின் துணையும் போய்விடும் என்பதைச் சாரதிகள் எத்தனை பேர் அறிவர்?

2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்த துயரம் இன்னும் ஆறாத வடு. அவ்விபத்தின் காரணத்தை இங்கு ஆராய்வது எமது நோக்கமன்று. அவ்வீதியின் சரிவு எத்தகையது, பிரேக்கில் ஒரு கணத் தவறுக்கும் அங்கு இடமில்லை என்பவற்றை நினைவூட்டுவதே எமது கருத்து.

பிரேக் பூஸ்டரைச் சோதிக்க எவ்விதச் செலவும் இல்லை. சமதரையில், எஞ்சினை அணைத்து, சில்லுக்குக் கட்டை வைத்து, பிரேக் மிதியை நான்கைந்து முறை அழுத்துங்கள். பின்னர் மிதியை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி காலின் கீழ் சிறிது தாழ்ந்தால் பூஸ்டர் இயங்குகிறது. அசையாது நின்றால் அவ்வண்டியை இறக்கத்தில் செலுத்தலாகாது. கசிவைக் கண்டறியும்போது பெற்றோலையோ தீப்பற்றும் திரவங்களையோ சூடான எஞ்சினில் விசிறுவது விபரீதம். சிறிதளவு நீரை நுண்துளியாக விசிறினாலே, கசிவுள்ள இடத்தில் எஞ்சினின் சத்தம் மாறும். மூடிய கராஜினுள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் நஞ்சுப் புகையால் உயிருக்கு உலை வைக்கும்.

செய்ய வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் பெருமழையால் மலையகம் நிலைகுலைந்தபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாக இருந்தது. மண்சரிவுகளால் பாதைகள் துண்டிக்கப்படும் இத்தகைய காலங்களில் பெரிய வாகனங்கள் செல்லாத இடத்துக்குச் செல்லக்கூடியவை சிறிய கெப் வண்டிகளே. ஆகவே தோட்ட நிர்வாகங்கள் தமது வண்டிகளின் பராமரிப்பைத் தனிப்பட்ட செலவாக அன்றி, மக்களின் உயிர்ப்பாதுகாப்புக்கான கடமையாகக் கருத வேண்டும்.

வாகனப் புகைப் பரிசோதனையும் இவ்விடயத்தில் உதவக்கூடியதே. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் பெறும் அவ்வறிக்கையைப் பலர் மடித்து வைத்துவிடுகின்றனர். சென்ற வருட எண்களோடு இவ்வருட எண்களை ஒப்பிட்டால், எஞ்சின் எத்திசையில் செல்கிறது என்பது வெளிச்சமாகும். அதனுடன், எப்போது எந்த வடிகட்டி மாற்றப்பட்டது, எந்தத் திருகி தொடப்பட்டது எனக் குறிக்கும் ஒரு நாற்பது பக்கக் கொப்பி வண்டியில் இருத்தல் வேண்டும்.

தோட்டத்து இளைஞர்கள் பலர் முறையான பயிற்சியின்றி, கராஜ் ஒன்றில் கையாளாகச் சேர்ந்து, கண்பார்த்துக் கைபழகியே மெக்கானிக்குகளாகின்றனர். அவர்களின் திறமையில் எமக்கு ஐயமில்லை. ஆனால் “ஏன்” என்ற கேள்விக்கான விடை நூல்களில் உள்ளது. அந்நூல்களோ ஆங்கிலத்தில் உள்ளன. தொழிற்பயிற்சி அதிகாரசபையும், பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியும், ஏனைய நிறுவனங்களும் ஊவாவின் தமிழ்மொழி மூல இளைஞர்களுக்கு மோட்டார் பொறித் துறையில் தமிழிலேயே கற்பதற்கான வாய்ப்பை விரிவாக்க வேண்டும். கைப்பழக்கத்தால் தேர்ச்சியடைந்தவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நாட்டில் உள்ளது என்பதும் அவர்களுக்கு எடுத்துரைக்கப்பட வேண்டும்.

உரிமையாளர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. கராஜில் பற்றுச்சீட்டை வாங்கும்போது “எதை மாற்றினீர்கள்?” என்று மட்டும் கேளாதீர்கள். “எதைச் சோதித்தீர்கள்? சோதனை என்ன காட்டியது?” என்றும் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் இக்கேள்விகளால் கோபமடைய மாட்டார்; தம் தொழிலை மதிப்பவர் ஒருவர் வந்திருக்கிறார் என்றே மகிழ்வார்.

பழைய வண்டி உறுமும்போதும் தளரும்போதும் அது ஏதோவொன்றை எமக்கு அறிவித்துக்கொண்டேயிருக்கிறது. நமுனுகுலை மலைச்சரிவில், மழை இரவொன்றில், நோயாளியோடு இறங்கும் வண்டியின் பிரேக் மிதி சாரதியின் காலுக்குக் கட்டுப்படுமா என்பது, அவ்வறிவித்தலுக்கு நாம் பகலிலேயே செவிசாய்த்தோமா என்பதைப் பொறுத்தே அமையும்.